பாதாம் பூத்த நாள்: காஷ்மீரத்து வசந்தத்தை வரலாற்றில் வாசித்தல்

மார்ச் மாதம் பிறந்ததும் ஸ்ரீநகரின் பாதாம்வாரித் தோட்டத்துப் படங்கள் நம் திரைகளை நிறைக்கத் தொடங்குகின்றன. ஹரி பர்பத் குன்றின் அடிவாரத்தில், இலை துளிர்க்கும் முன்பே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் பாதாம் மரங்கள் காஷ்மீரத்தில் வசந்தத்தின் முதற் சாட்சிகள். அண்மை ஆண்டுகளில் இப்பூக்கள் மார்ச் நடுப்பகுதியிலேயே மலர்ந்துவிடுவதைக் காண்கிறோம். "இவ்வாண்டு வசந்தம் முந்திக்கொண்டது" என்று மகிழ்ச்சியோடு பகிரப்படும் அந்தச் செய்தியை ஒரு வரலாற்று மாணவர் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதே இப்பதிவின் பொருள்.

வசந்தம் முந்துகிறது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு அது எப்போது வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வெப்பமானிப் பதிவுகள் காஷ்மீருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு நம்மிடம் இருப்பவை நாளாகமங்கள், நினைவுக் குறிப்புகள், வரிக்கணக்குகள், விழாக்கள். அவற்றுள் மிகவும் துல்லியமானதொரு சான்றைப் பேரரசர் ஜஹாங்கீர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.

தம் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டில், அதாவது 1620இல், ஜஹாங்கீர் காஷ்மீரத்து வசந்தத்தைக் காண்பதற்கென்றே பயணப்பட்டார். அப்பயணத்தை விவரிக்கும் இடத்தில், துசுக்-இ-ஜஹாங்கீரி என்னும் தம் நினைவுக் குறிப்புகளில், பாதாமும் பீச்சும் பூக்கும் காலத்தை அவர் இடவாரியாகப் பிரித்துச் சொல்கிறார். மலைநாட்டுக்கு வெளியே இஸ்ஃபந்தார்முஸ் மாதத்தின் முதல் நாளில் பூப்பு தொடங்குகிறது. காஷ்மீர நிலப்பகுதியில் ஃபர்வர்தீன் முதல் நாளில். நகரத்துத் தோட்டங்களிலோ ஃபர்வர்தீன் ஒன்பதாம், பத்தாம் நாட்களில். ஓர் அரசர் பூக்களின் அழகைப் பாடுவதோடு நின்றுவிடாமல், ஒரு தாவரவியலாளரைப் போல இடத்தையும் நாளையும் குறித்து வைத்திருப்பது வியப்புக்குரியது. காஷ்மீரத்தில் ஓவியர் மன்சூர் தீட்டிய மலர்களின் எண்ணிக்கை நூற்றுக்கும் மேல் என்று பதிந்தவரும் இவரே.

இங்கேதான் ஓர் இடறல் இருக்கிறது. ரோஜர்ஸ், பெவரிட்ஜ் ஆகியோரின் ஆங்கிலப் பதிப்பைப் படிப்பவர், ஃபர்வர்தீன் முதல் நாள் மார்ச் 10 என்று கண்டு, ஒன்பதாம் பத்தாம் நாட்களை மார்ச் 18, 19 என்று கணக்கிடுவார். "நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் மார்ச் நடுப்பகுதியை ஒட்டித்தானே பூத்திருக்கிறது; எதுவும் மாறவில்லை" என்ற முடிவுக்கும் எளிதில் வந்துவிடுவார். ஆனால் அந்த மார்ச் 10 பழைய ஜூலியன் நாட்காட்டியின்படியானது. இங்கிலாந்து 1752 வரை அந்நாட்காட்டியையே பின்பற்றியது. பதினேழாம் நூற்றாண்டில் அதற்கும் இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு உண்டு. அக்பர் காலத்து இலாஹி நாட்காட்டியில் ஃபர்வர்தீன் முதல் நாள் என்பது நவ்ரூஸ். பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டியது. இன்றைய கணக்கில் அது மார்ச் 20 அல்லது 21. எனவே ஜஹாங்கீர் சொல்லும் நகரத்துப் பூப்பு இன்றைய நாட்காட்டியில் மார்ச் 28, 29, 30 என்று அமைகிறது.

பத்து நாள் என்பது சிறிய பிழையாகத் தோன்றலாம். ஆனால் பருவ மாற்றத்தைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இத்தகைய பத்து நாட்களைச் சுற்றியே நடக்கின்றன. நாட்காட்டியைச் சரிபார்க்காத ஒரு மேற்கோள், நடந்த மாற்றத்தை முற்றிலும் மறைத்துவிடும்.

அதேசமயம் எதிர்ப்பக்கத்து அவசரமும் நமக்கு வேண்டாம். ஜஹாங்கீர் மார்ச் இறுதி என்றார், இன்று மார்ச் நடுப்பகுதி, ஆகவே வசந்தம் இத்தனை நாள் முந்திவிட்டது என்று கழித்துச் சொல்வதும் முறையன்று. அவர் எந்தத் தோட்டத்தை, எந்த வகை மரத்தை மனத்தில் கொண்டு எழுதினார் என்பதற்கு அவ்வரிகளில் விடையில்லை. பதினேழாம் நூற்றாண்டு உலகின் பல பகுதிகளில் குளிர் மிகுந்திருந்த காலம் என்பதையும் மறக்கலாகாது. ஒரு சான்றை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின் அச்சான்றின் உண்மைப் பயன் என்ன? தேதியைக் காட்டிலும் முக்கியமான ஒன்றை ஜஹாங்கீர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். காஷ்மீருக்குச் செல்லப் பல வழிகள் இருப்பினும் பிம்பர் வழியும் பக்லி வழியும் சிறந்தவை என்கிறார். பிம்பர் வழி குறுகியது. ஆனால் வசந்தத்தை அங்கே சந்திக்க விரும்புபவருக்குப் பக்லி வழியைத் தவிர வேறு வழியில்லை. மற்றவை அப்பருவத்தில் பனியால் அடைபட்டிருக்கும் என்று காரணமும் தருகிறார். பக்லி வழியிலும் மழையும் பனியும் அவரை விடவில்லை. முன்னே சென்றிருந்த முத்தமித் கானின் கூடாரத்தில் அரசர் எதிர்பாராது ஒதுங்க நேர்ந்தது.

இந்தக் காட்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கில் பாதாம் பூக்கிறது. அதே நாட்களில் மேலே பீர் பாஞ்சால் கணவாய்கள் பனியால் மூடிக் கிடக்கின்றன. கீழே மலர், மேலே பனி. இரண்டும் ஒருங்கே இருப்பதுதான் காஷ்மீரத்து வசந்தம். மலர் கண்ணுக்கு விருந்து. பனி வயலுக்கு நீர். மலரை மட்டும் எண்ணி வசந்தத்தின் வரவைக் கணக்கிடுபவர் அதன் பாதியை மட்டுமே பார்க்கிறார்.

காஷ்மீர மக்களின் காலக்கணக்கு இந்த இரண்டையும் சேர்த்தே கட்டப்பட்டது. அவர்களது ஆண்டிலும் நம்முடையதைப் போலவே இவ்விரண்டு மாதங்களாக ஆறு பருவங்கள். மார்ச் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரையிலானது 'சோந்த்' எனப்படும் வசந்தம். ஆனால் அந்த வசந்தத்துக்கான ஆயத்தம் டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாட்கள் 'சில்லை கலான்', பெருங்குளிர். அடுத்த இருபது நாட்கள் 'சில்லை குர்த்', சிறுகுளிர். அதற்கடுத்த பத்து நாட்கள் 'சில்லை பச்சா', குளிரின் குழந்தை. நாற்பது, இருபது, பத்து என்று படிப்படியாகத் தேய்ந்து குளிர் வசந்தத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

இப்பகுப்பு வெறும் வழக்காறு அன்று. அதனுள் ஒரு நீரியல் அறிவு பொதிந்துள்ளது. பெருங்குளிர் நாட்களில் விழும் பனி உறைந்து இறுகி, மலைச்சரிவுகளில் நெடுநாள் நிற்கும். ஏப்ரல், மே, ஜூன் என்று கோடை நெடுகிலும் சிறுகச் சிறுகக் கரைந்து ஓடைகளை ஊட்டும். பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ விழும் பனி, ஏறிவரும் வெயிலில் விரைந்து உருகிப் போய்விடும். ஆகவே எவ்வளவு பனி விழுந்தது என்ற கேள்வியோடு எப்போது விழுந்தது என்ற கேள்வியையும் உழவர் சேர்த்தே கேட்டார்.

பனியும் விழாவும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருந்தன என்பதற்கு ஒரு மரபுக்கதை உண்டு. காஷ்மீரப் பண்டிதர்களின் சிவராத்திரி 'ஹேரத்' எனப்படும். அந்நாளில் பனி பொழியும் என்பது அவர்களது நம்பிக்கை. காஷ்மீரின் கடைசி ஆப்கானிய ஆளுநராக 1819இல் இருந்த ஜப்பார் கான் இந்நம்பிக்கையைச் சோதிக்க எண்ணி, அவ்விழாவைக் கோடையில் கொண்டாடுமாறு கட்டளையிட்டார் என்றும், அக்கோடையிலும் பனி பொழிந்தது என்றும் மக்கள் சொல்லி வருகிறார்கள். அக்கதையை வானிலைப் பதிவாகக் கொள்ள இயலாது. ஆயினும், அதிகாரத்தால் நாட்காட்டியை மாற்ற முடியும், பருவத்தை மாற்ற முடியாது என்ற உறுதி அதில் ஒலிக்கிறது. பருவம் வழி தவறாது என்ற நம்பிக்கையின் மீது ஒரு சமூகம் தன் விழாக்களை நிறுவியிருந்ததை அது காட்டுகிறது.

அப்படியென்றால் பழைய காலத்தில் பருவம் தவறியதே இல்லையா? தவறியது. கல்ஹணர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் இயற்றிய ராஜதரங்கிணியில், துஞ்சீனன் என்னும் அரசன் காலத்தில் புரட்டாசியை ஒட்டிய பாத்ரபத மாதத்தில் பெரும்பனி விழுந்து, விளைந்து நின்ற நெல்லை அழித்துப் பஞ்சத்தை விளைவித்ததாகச் சொல்கிறார். துஞ்சீனனின் காலம் தொன்மமும் வரலாறும் கலந்த பகுதி. ஆனால் அறுவடைக்கு முன் விழும் பனி இந்நிலத்தின் நிலையான அச்சங்களில் ஒன்று என்பதற்கு அக்கதை போதுமான சான்று. அந்த அச்சம் இன்றும் பழங்கதையாகிவிடவில்லை. 2018 நவம்பரிலும் 2019 நவம்பரிலும் முன்கூட்டியே விழுந்த கனத்த பனி, இலையுதிராது நின்ற ஆப்பிள் மரங்களை முறித்தது.

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். வானிலையின் பிறழ்ச்சி ஒன்று. அது பஞ்சமாவது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் மனிதரின் ஏற்பாடுகள் நிற்கின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டில் அவந்திவர்மன் ஆட்சியில், பனி உருகியும் மழை பெய்தும் பெருகிய விதஸ்தா ஆறு, அதாவது இன்றைய ஜீலம், பாரமுல்லா இடுக்கில் பாறைகளால் தடைபட்டு வயல்களை மூழ்கடித்து வந்தது. சுய்யன் என்னும் பொறியாளன் அத்தடைகளை அகற்றி, கரைகளை அமைத்து, நீரை ஊர்களுக்குப் பங்கிட்டான். அதன் பயனாக ஒரு காரி நெல்லின் விலை 200 தீனாரங்களிலிருந்து 36 தீனாரங்களுக்கு இறங்கியதாகக் கல்ஹணர் கணக்குச் சொல்கிறார். மலை அதே மலை, பனி அதே பனி, மாறியது ஏற்பாடு.

இதற்கு நேர்மாறான சான்று 1877. ரண்பீர் சிங் மகாராஜாவின் ஆட்சியில் அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் மழை விடாது பெய்தது. விளைச்சல் வயலிலேயே நின்றது. அப்போது நிலவரி தானியமாகவே வசூலிக்கப்பட்டது. அதிகாரிகள் வந்து விளைச்சலை மதிப்பிடும் வரை உழவர் தம் கதிரைத் தாமே அறுக்கக்கூடாது. மதிப்பீட்டுக்காகக் காத்திருந்த நெல் மழையில் அழுகியது. 1879 வரை நீண்ட அப்பஞ்சம் பள்ளத்தாக்கைச் சூறையாடியது. பின்னர், 1889 முதல் நிலவரித்திட்ட ஆணையராகப் பணியாற்றிய வால்டர் லாரன்ஸ், 1895இல் வெளியிட்ட தம் காஷ்மீர நூலில், அப்பேரழிவில் வரிமுறைக்கு இருந்த பங்கைத் தெளிவாகச் சுட்டினார். மழை விளைச்சலைத் தாக்கியது. அதைக் காப்பாற்றும் வாய்ப்பை நிர்வாகம் பறித்தது.

அதே ஆண்டுகளில் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. அங்கே மழை பொய்த்தது, காஷ்மீரில் மழை நிற்கவில்லை. இரு துயரங்களும் ஒரே காலத்தவை. இந்தியா முழுவதையும் உலுக்கிய அப்பஞ்ச ஆண்டுகள் வானிலை முன்கணிப்பை அரசுக்கு இன்றியமையாததாக்கின. 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்றிருந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, 1884இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்: இமயத்தில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் விழும் பனியின் அளவுக்கும், அடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்புண்டு, பனி மிகுந்தால் மழை குறையக்கூடும். 1886இல் வெளிவந்த முறையான பருவமழை முன்கணிப்பு இவ்வடிப்படையில் அமைந்ததே. அத்தொடர்பு பிளான்ஃபோர்டு எண்ணியவாறு எளியதன்று என்று பின்வந்தோர் கண்டனர். ஆயினும் மலைமுகட்டுப் பனி மலைவாழ் மக்களின் கவலை மட்டுமன்று, சமவெளி முழுவதற்கும் உரியது என்ற சிந்தனை அறிவியலுக்குள் நுழைந்தது அவ்வாறே.

இப்பின்புலத்தோடு இன்றைய நிலைக்குத் திரும்புவோம். காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை, மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகரும், 'மேற்கத்திய இடையூறுகள்' என்று வானிலையாளர் அழைக்கும் காற்றமைப்புகள். 2024 ஜனவரியில் அவை பொய்த்தன. சில்லை கலானின் பெரும்பகுதி வறண்டே கழிந்து, குல்மர்க்கின் சரிவுகள் வெறும் புல்லாகக் காட்சியளித்தன. மாத இறுதியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் பனிப் பற்றாக்குறையால் குல்மர்க்கின் தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் ஒத்திவைக்கப்பட்டன. வெப்பமும் முந்துகிறது. 2022 மார்ச் மாதம், 1901 முதலான பதிவுகளில் இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச். நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 33.10 டிகிரி செல்சியஸ்.

2025 பிப்ரவரியில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அனந்தநாக் மாவட்டத்தின் அச்சபல் ஊற்று வறண்டது. ஊற்றைச் சுற்றி எழுந்த முகலாயத் தோட்டம், ஜஹாங்கீர் வசந்தத்தைத் தேடி வந்த 1620ஆம் ஆண்டை ஒட்டி, நூர்ஜஹானின் விருப்பத்தால் அமைந்ததாகச் சொல்லப்படுவது. அச்சபலின் நீர்ப்பெருக்கை ஜஹாங்கீர் தம் குறிப்புகளில் புகழ்ந்திருக்கிறார். பாதாம் பூத்த நாளை எழுதிய அதே கை, ஊற்றின் வளத்தையும் எழுதியது. பூ இன்றும் தவறாது வருகிறது, முன்னதாகவே வருகிறது. அந்த ஊற்றோ, வசந்தத்தின் வாயிலில் நின்றுபோனது.

காஷ்மீரத்தில் நிகழும் மாற்றத்தின் சாரம் இதுவே என்று கருதுகிறேன். வசந்தம் சில நாட்கள் முந்துவதைக் காட்டிலும், அதன் உறுப்புகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதே பெரிது. பனி, உருகல், மலர், நாற்றங்கால், நடவு என்ற வரிசை ஒரு சங்கிலி. மலர் வெப்பத்துக்கு எதிர்வினையாற்றுகிறது. நீரோ முந்தைய குளிர்காலத்தின் சேமிப்பைப் பொறுத்தது. வெப்பம் முந்தி, சேமிப்பும் குறைந்தால், பூ பூத்த பின் வயலுக்கு வர வேண்டிய நீர் வராது. 2018 வசந்தத்தில் வட காஷ்மீரின் சில பகுதிகளில் நெல் பயிரிட வேண்டாம் என்று பாசனத் துறையே உழவருக்கு அறிவுறுத்த நேர்ந்தது. சோற்றையே உயிராகக் கொண்ட பள்ளத்தாக்கில் அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழத்தோட்டங்களுக்கும் இதில் விலக்கு இல்லை. ஆப்பிள், பாதாம் போன்ற குளிர்நிலப் பழமரங்கள் ஒழுங்காகப் பூக்க, குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரைக் குறிப்பிட்ட மணிநேரம் அனுபவித்திருக்க வேண்டும். அக்கணக்கு நிறைந்த பின் வரும் வெப்பமே மொட்டை விழிக்கச் செய்கிறது. பிப்ரவரி வெப்பத்தில் முந்தி விழித்த மொட்டு, ஏப்ரலின் உறைபனிக்கும் ஆலங்கட்டிக்கும் தன்னைத் திறந்து வைக்கிறது. நீர் குறைந்ததாலும் வருவாய் கூடியதாலும் நெல்வயலைத் தோட்டமாக்கிய உழவர் பலர். ஓர் இடரிலிருந்து விலகியவர்கள் மற்றோர் இடரின் எதிரே நிற்கிறார்கள். அண்டை மாநிலமான இமாச்சலத்தில் ஆப்பிள் சாகுபடி தாழ்ந்த சரிவுகளை விட்டுக் கின்னௌர், லாஹௌல் போன்ற உயரங்களுக்கு ஏறிக்கொண்டிருப்பதும் இக்கதையின் மற்றொரு பக்கம்.

இத்துறையில் ஆய்வுசெய்ய விரும்பும் மாணவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, பழைய நூலொன்றில் தேதியைக் கண்டால் அது எந்த நாட்காட்டியின் தேதி என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தரும் நிகர்த் தேதியையும் ஐயுறுங்கள். இரண்டாவது, தனித்த ஒரு நிகழ்வைத் தேடாமல் நிகழ்வுகளின் வரிசையைத் தேடுங்கள். பூ எப்போது என்பதோடு கணவாய் எப்போது திறந்தது, ஓடை எப்போது பெருகியது, நாற்று எப்போது விடப்பட்டது என்பவற்றையும் சேர்த்துப் பதியுங்கள். பாரசீக நாளாகமங்களிலும் வருவாய்த்துறை ஆவணங்களிலும் இத்தகைய செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. மூன்றாவது, வானிலையோடு நின்றுவிடாதீர்கள். நீரைப் பங்கிட்டவர் யார், வரியை எப்போது எவ்வாறு எடுத்தனர், இழப்பு யார் தலையில் விழுந்தது என்பவையே ஒரு பிறழ்ந்த பருவம் பஞ்சமாகுமா இல்லையா என்பதைத் தீர்மானித்தன. சுய்யனின் நெல்விலையும் 1877இன் அழுகிய கதிரும் இதற்கு இரு முனைச் சான்றுகள்.

அடுத்த மார்ச்சில் பாதாம்வாரியின் படம் உங்கள் திரைக்கு வரும்போது, அதன் அழகை மறுக்க வேண்டியதில்லை; ஜஹாங்கீரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பூவைக் காண, பனி மூடிய வழிகளைத் தவிர்த்து நெடுவழியாக வர வேண்டியிருந்தது. படத்தின் பின்னணியில் தெரியும் மலையை ஒருகணம் உற்று நோக்குங்கள். அங்கே வெண்மை எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் அவ்வாண்டு வசந்தத்தின் மீதிப் பாதி எழுதப்பட்டிருக்கும்.